குஷாய்குடாவுக்கு வேண்டியது ஒத்திகை. கச்சேரி பிறகு வரட்டும்

ஐதராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் குஷாய்குடா கலை விமர்சகர்களின் வரைபடத்தில் இடம்பெறும் ஊரன்று. 1967இல் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா (இ.சி.ஐ.எல்.) தொடங்கப்பட்டதும், 1971இல் அணு எரிபொருள் வளாகம் எழுந்ததும் இப்பகுதியின் உருவத்தை மாற்றின. சர்லபள்ளி, மல்லாப்பூர், நாச்சாரம் தொழிற்பேட்டைகள் இதனைச் சூழ்ந்திருக்கின்றன. பொதுத்துறைப் பொறியாளர்களும், ஒப்பந்தக் கூலிக்கு லேத் பட்டறைகளில் நிற்பவர்களும், லாரி ஓட்டுநர்களும், வடமாநிலங்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்களும் ஒரே சாலைச் சந்திப்பில் தேநீர் குடிக்கும் இடம் இது. நாட்டின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைச் செய்து தரும் இரண்டே நிறுவனங்களுள் ஒன்று இங்கேதான் இருக்கிறது. ஆயினும் நகரத்தின் மேடைகளில் எது ஒலிக்க வேண்டும் என்பதைப் பற்றி இப்பகுதியிடம் யாரும் வாக்குக் கேட்டதில்லை.

தாகூர் நூற்றாண்டின் நினைவாக எழுந்த ரவீந்திர பாரதி இங்கிருந்து சாலை வழியாக 15 கிலோமீட்டருக்குக் குறையாது. மாதாப்பூரின் சில்பகலா வேதிகா 20 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. 2010இல் பஞ்சாரா ஹில்ஸில் திறக்கப்பட்டுக் கவிதை, நாடகம், விவாதம் அனைத்துக்கும் இடங்கொடுத்த லாமகான், நகரத்தின் மிகத் தாராளமான கலைவெளிகளுள் ஒன்று. அதுவும் மேற்கில்தான் இருக்கிறது. நாகோலிலிருந்து ராய்துர்க் வரை ஓடும் மெட்ரோ குஷாய்குடாவைத் தொடுவதில்லை. ஆறு மணிக்குப் பணிமுறை முடித்துக் குளித்துக் கிளம்பும் ஒரு தொழிலாளி ஏழு மணிக் கச்சேரியின் பாதியில் போய்ச் சேரலாம். திரும்பி வருவது அவர் பாடு. இத்தொலைவை அறிந்தவர்களே அதற்கு மருந்தாக ஒரு சொற்றொடரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்: ‘செவ்வியல் இசையை மக்களிடம் எடுத்துச் செல்லுதல்’. பருவம் தொடங்குவதற்கு முன் வெளியாகும் அறிவிப்புகளிலும், நல்கை கோரும் விண்ணப்பங்களிலும், ஆய்வுத் திட்டங்களின் ‘சமூகப் பயன்’ என்னும் பத்தியிலும் இத்தொடர் சலிக்காமல் வந்துகொண்டிருக்கிறது.

இத்தொடரின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். மக்கள் இங்கே எழுவாயாக நிற்பதே இல்லை. ‘மக்களுக்கு’, ‘மக்களிடம்’ என்று நான்காம் வேற்றுமையிலும் ஏழாம் வேற்றுமையிலும் மட்டுமே அவர்களுக்கு இடம். பெறுவோராக இருக்கலாம், இடமாக இருக்கலாம். ‘மக்களால்’, ‘மக்களோடு’ என்னும் மூன்றாம் வேற்றுமை உருபுகள் இவ்வகை ஆவணங்களில் அரிதினும் அரிது. ‘எடுத்துச் செல்லுதல்’ என்னும் வினையோ, எடுத்துச் செல்லப்படும் பொருள் முன்னமே முழுமையாக இருக்கிறது, போகும் வழியில் அது மாறப்போவதில்லை என்னும் அனுமானத்தைச் சுமந்து நிற்கிறது. அஞ்சல்காரர் கடிதத்தைத் திருத்துவதில்லை அல்லவா! ‘சமூகக் கலை’ என்ற பெயரால் நடப்பவற்றுள் பெரும்பகுதி இவ்வகை அஞ்சல் பணிதான். அதனைக் கலை என்று அழைப்பதிலாவது தயக்கம் வேண்டும்.

இவ்விவாதத்துக்குத் தமிழில் கிடைக்கும் மிக அருகிலான சான்று, சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழா. டி.எம். கிருஷ்ணா, நித்தியானந்த் ஜெயராமன் முதலியோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்திய அவ்விழாவில் கர்நாடக இசையும் பரதமும் பறையும் கூத்தும் மீனவர் குடியிருப்பின் நடுவே அடுத்தடுத்து நிகழ்ந்தன. அடுத்த ஆண்டே கிருஷ்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. விழாவைப் பழித்தவர்கள் இரு திசைகளிலிருந்தும் வந்தார்கள். குப்பத்தில் பாடினால் சங்கீதத்தின் தூய்மை கெடும் என்றது ஒரு தரப்பு. இது மேட்டுக்குடியின் கருணைக் காட்சி என்றது மறுதரப்பு. முதல் தரப்போடு விவாதிக்க ஒன்றுமில்லை. இரண்டாம் தரப்பின் ஐயம் மதிக்கத் தக்கது. ஆனால் அது விழாவின் முதல் மாலையோடு நின்றுவிட்டது. ஒரே மேடையில் பறைக்குப் பின் வயலின் வரும்போது, எது ‘நிகழ்ச்சி’, எது ‘இடைவேளை’ என்று வகுக்கும் பழக்கம் ஆட்டம் காண்கிறது. பார்வையாளர் தம் காதுகளையே சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். அது சிறிய காரியமன்று.

ஆயினும் அடுத்தடுத்து நிகழ்வது வேறு, சேர்ந்து நிகழ்வது வேறு. அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரண்டு கலைகள் ஒன்றையொன்று மாற்றாமலே வீடு திரும்ப முடியும். இதனைக் கிருஷ்ணாவும் உணர்ந்திருக்க வேண்டும். காஞ்சிபுரம் வட்டாரத்துக் கட்டைக்கூத்துச் சங்கத்தின் பெ. ராஜகோபால், ஹன்னே டி புருயின் ஆகியோருடன் சேர்ந்து உருவான ‘கர்நாடிக் கட்டைக்கூத்து’ இதற்கு அடுத்த படி. அங்கே கட்டைக்கூத்தின் உச்சத் தொனியும் கர்நாடகத்தின் நிதானமும் ஒரே கதைக்குள் இடம் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரு தரப்பும் ஒத்திகையில் மணிக்கணக்காக ஒருவரையொருவர் கேட்டாக வேண்டியிருந்தது. விழாவின் உண்மையான அரசியல் மேடையில் இருப்பதைவிட அந்த ஒத்திகைக் கூடத்தில் கூடுதலாக இருந்தது என்று சொல்லலாம். ஆய்வாளர்கள் எழுதிக் குவித்ததோ மேடையைப் பற்றி.

ஒத்திகையை அளவுகோலாகக் கொள்வதற்கு மேற்கத்திய இசை வரலாற்றில் தெளிவான முன்மாதிரி ஒன்று உண்டு. பெஞ்சமின் பிரிட்டன் 1958இல் இங்கிலாந்தின் ஆர்ஃபர்ட் தேவாலயத்தில் அரங்கேற்றிய ‘நோயீஸ் ஃப்ளட்’, இடைக்காலச் செஸ்டர் நாடகம் ஒன்றை அடிப்படையாகக் கொண்ட நோவாவின் கதை. முதன்மைப் பாத்திரங்களுக்கும் ஒரு சிறு வாத்தியக் குழுவுக்கும் மட்டுமே தொழில்முறைக் கலைஞர்கள். எஞ்சியவர்கள் பள்ளிச் சிறுவர் சிறுமியர். வயலின் பகுதிகளைப் பிரிட்டன் திறமைக்கேற்பப் படிப்படியாகப் பிரித்து எழுதினார். கடைநிலைப் பகுதியைத் தொடக்க மாணவரும் வெறும் தந்தியிலேயே பெரும்பாலும் வாசித்துவிடலாம். முதல் மழைத்துளிகள் விழும் ஒலி, கயிற்றில் தொங்கவிட்ட தேநீர்க் குவளைகளைத் தட்டுவதால் எழுகிறது. அருகிலிருந்த இளைஞர் மன்றத்தின் கைமணிக் குழு இறுதிப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. கூடியிருக்கும் சபையோரும் எழுந்து பாட வேண்டும். இப்படைப்பை நாடக அரங்குகளில் நிகழ்த்தலாகாது, தேவாலயங்களிலோ பெரிய கூடங்களிலோதான் நிகழ்த்த வேண்டும் என்பதும் அவருடைய விதி.

இதில் குழந்தைகள் அலங்காரம் அல்லர். அவர்களை எடுத்துவிட்டால் மழை பெய்யாது. ‘சமூகக் கலை’க்கு வேண்டிய சோதனை இதுவே: அந்தச் சமூகம் வராமல் போனால் படைப்பு நின்றுவிடுமா, அல்லது வெற்று நாற்காலிகளுக்கு முன்பாக அப்படியே நடந்து முடியுமா? இச்சோதனையை இன்றைய நிகழ்ச்சி நிரல்களுக்கு வைத்தால் எத்தனை தேறும்?

எல்லாவற்றையும் எல்லார் கையிலும் கொடுத்துவிட்டால் போதும் என்பாரும் உளர். அவர்களுக்குக் கார்னீலியஸ் கார்டியூவின் அனுபவம் உதவும். 1969இல் இலண்டனில் அவர் தோழர்களுடன் தொடங்கிய ஸ்கிராட்ச் ஆர்கெஸ்ட்ராவில் பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் சமமாக வாசித்தனர். சில ஆண்டுகளுக்குள் அது கருத்தியல் சண்டையில் சிதைந்தது. 1974இல் கார்டியூ தம் பழைய படைப்புகளையே கடுமையாகச் சாடிப் புத்தகம் எழுதினார். எவரும் வாசிக்கலாம் என்ற சுதந்திரம் மட்டும் எவருக்கும் எதையும் தந்துவிடுவதில்லை. பிரிட்டனிடம் இருந்தது கட்டற்ற தாராளமன்று. இன்னாருக்கு இன்ன பகுதி என்று உட்கார்ந்து எழுதிய கைத்தொழில்.

தெலங்கானாவுக்குத் திரும்புவோம். இங்கே பாடல் என்பது மேடைக்குக் காத்திருந்த பொருளன்று. குஷாய்குடாவிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவே தள்ளியிருக்கும் ஆல்வாலில் வாழ்ந்தவர் கத்தர். கம்பளியைத் தோளில் போட்டுக் காலில் சலங்கை கட்டி அவர் பாடியபோது, அறிவிப்புப் பலகையும் நுழைவுச் சீட்டும் இல்லாமலே திடல்கள் நிரம்பின. 1997இல் அவர்மீது பாய்ந்த குண்டுகளுள் ஒன்று இறுதிவரை அவர் உடலிலேயே இருந்தது. 2023 ஆகஸ்டில் மறைந்த அவரை, ஆல்வாலில் அவரே தொடங்கிய பள்ளியின் வளாகத்தில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். இப்போது மாநில அரசின் திரைப்பட விருதுகள் அவர் பெயரைத் தாங்குகின்றன. வாழ்ந்த காலத்தில் துப்பாக்கியும் இறந்தபின் பட்டுச் சால்வையும் கலைஞனுக்கு வாய்ப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆனால் அவர் பாடிய தெருவில் அடுத்த பாடகருக்கு ஒத்திகைக் கூடம் ஒன்று கட்டித்தருவது விருதைவிட மலிவாகவே முடிந்திருக்கும்.

தனி மாநிலப் போராட்டத்தில் ‘தூம் தாம்’ மேடைகள் ஆற்றிய பணியை எவரும் மறுப்பதில்லை. மாநிலம் பிறந்த 2014ஆம் ஆண்டிலேயே ‘தெலங்காணா சாம்ஸ்கிருதிக சாரதி’ என்னும் அமைப்பு உருவாயிற்று. அப்போராட்ட மேடைகளில் பாடியவர்களுக்கு அது மாதச் சம்பளத்துடன் வேலை கொடுத்தது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதனால் வாழ்வு பெற்றார்கள். இதனை எளிதாக ஏளனம் செய்யும் அறிவாளர்கள், தாம் பல்கலைக்கழகச் சம்பளம் வாங்குவதை மறந்துவிடக் கூடாது. நாட்டுப்புறக் கலைஞருக்கு ஒரு நாள் சால்வையும் ஒரு வேளைச் சோறும் போதும் என்றிருந்த உலகில், மாதம் பிறந்தால் ஊதியம் என்பது பெரிய மாற்றம். இந்தியாவின் வேறு எந்த இசை விழாவும் இந்த அளவுக்குத் துணிந்ததில்லை என்றாலும் மிகையாகாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஊதியம் தந்த கை பாடுபொருளையும் தந்தது. கிராமம் கிராமமாகச் சென்று அரசின் நலத்திட்டங்களைப் பாட்டாக விளக்குவது அவர்களின் பணியாயிற்று. நிலத்தைப் பற்றியும் பண்ணையாரைப் பற்றியும் சொந்தமாகச் சொல் கட்டியவர்கள், ஓய்வூதியத் திட்டத்தின் விவரங்களை மெட்டில் அடக்க வேண்டியதாயிற்று. டப்பு அதே டப்புதான். அடி மட்டும் வேறொருவருடையது. இங்கே மக்கள் எழுவாயாக வந்தார்கள், பயனிலையை அரசு எழுதிக்கொண்டது. குப்பத்து விழாவில் படைக்கும் உரிமை ஓரளவு இருந்தது, நிரந்தர ஊதியம் இல்லை. சாரதியில் ஊதியம் இருந்தது, படைக்கும் உரிமை இல்லை. இரண்டையும் ஒருசேரக் கேட்பது பேராசை என்று சொல்பவர்கள், தம் துறைப் பேராசிரியர்கள் இரண்டையும் ஒருசேர அனுபவிப்பதைப் பேராசை என்பதில்லை.

‘சமகாலம்’ என்னும் அடைமொழியையும் சற்று உரசிப் பார்க்கலாம். 1927ஆம் ஆண்டுச் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி. 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது மேடையில் எந்த மொழி என்ற கேள்வி வென்றது. எந்தத் தெருவில் மேடை என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை. அன்று முதல் ‘புதியது’ என்பது பெரும்பாலும் பழைய கீர்த்தனையைப் புதியவர் பாடுவதாகவே பொருள்பட்டு வந்திருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிக் கேபர் வாசுகி எழுதிய ‘புறம்போக்கு’ப் பாடலைக் கிருஷ்ணா இராகமாலிகையில் பாடியபோது, சென்னையின் பேச்சுத் தமிழ் முதன்முறையாக அந்த இராகங்களுக்குள் கால் பதித்தது போலிருந்தது. பெருமாள்முருகன் எழுதிய கீர்த்தனைகள் பனைமரத்தையும் ஐம்பூதங்களையும் பாடுபொருளாக்கின. இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவால் அரங்கேறியது. பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டவர் எழுதிய சிம்பொனியின் முதல் ஒலி தேம்ஸ் நதிக்கரை நகரத்தில் எழ நேர்ந்ததற்கு அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அத்தகைய படைப்பொன்றை மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து நிகழ்த்தவல்ல இசைக்குழுக்களை வளர்க்காத இந்திய நகரங்கள்தான் நாணப்பட வேண்டும். ஐதராபாத்துக்கும் இதில் விலக்கில்லை.

இதற்கு எழும் எதிர்வாதங்களுள் மூன்று கவனத்துக்குரியவை. செவ்வியல் இசைக்கு அமைதி வேண்டும், லாரிச் சாலையில் அது எங்கே என்பது முதலாவது. இவ்வாதத்தில் பாதி வரலாற்று மறதி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி விரிந்தது குளிரூட்டிய அரங்கில் மட்டுமன்று. வீதியுலாவின் தீவட்டி வெளிச்சத்திலும்தான். இன்றைய கச்சேரி முறையே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில் உருப்பெற்ற இருபதாம் நூற்றாண்டு ஏற்பாடு. மறுபாதி உண்மை: வீணையும் நால்வர் தந்தி இசையும் இரைச்சலில் கரைந்துவிடும். எனவேதான் அவற்றை அப்படியே கொண்டுவந்து இறக்கக் கூடாது. அந்த இடத்தின் ஒலிக்கு எழுதத் தெரிந்தவரைக் கொண்டு புதிதாக எழுத வேண்டும். பிரிட்டன் குவளைகளைத் தொங்கவிட்டது விளையாட்டுக்காக அன்று.

மக்களுக்கு இதில் விருப்பமில்லை என்பது இரண்டாவது. சினிமாப் பாட்டும் ரீல்ஸும் போதும் என்று அவர்களே சொல்லிவிட்டார்களாம்! ஒரு மாலை ‘பயிலரங்கு’ நடத்தி, அதில் கைதட்டக் கற்றுக்கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனவர்களிடம் வேறென்ன சொல்வார்கள்? புரட்டாசியின் இருண்ட இரவு தொடங்கி ஒன்பது நாள்கள் இதே பகுதியின் பெண்கள் பூக்களை அடுக்கி வட்டமிட்டுக் கைதட்டிப் பாடும் பதுகம்மா, ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் திருப்பிப் பாடும் நுட்பமான கூட்டிசை வடிவம். நினைவிலிருந்து நூற்றுக்கணக்கான அடிகளைப் பாடவல்லவர்களுக்கு இசையில் விருப்பமில்லை என்று அறிக்கை எழுதுபவரின் செவியைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

தண்ணீரும் பேருந்தும் இல்லாத இடத்தில் கச்சேரி எதற்கு என்பது மூன்றாவது. மூன்றிலும் நேர்மையானது இதுவே. ஆனால் பேருந்தையும் கலையையும் எதிரெதிராக நிறுத்துவது வசதியான தந்திரம். நிகழ்ச்சி முடிந்தபின் ஓடும் ஒரு பேருந்து, நிகழ்ச்சிச் செலவின் ஒரு பகுதி. வயலின் கலைஞருக்கு விமானச் சீட்டு வாங்குவோர், கேட்க வருபவருக்குப் பேருந்து ஏற்பாடு செய்வதை மட்டும் ‘கலைக்குப் புறம்பான செலவு’ என்று கணக்கெழுதுவது ஏன்? சர்லபள்ளியில் 2025 ஜனவரியில் புதிய ரயில் முனையமே திறந்தாயிற்று. ஊருக்கு வெளியே போக வழி கிடைத்திருக்கிறது. ஊருக்குள் இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பும் வழியைப் பற்றியதுதான் கேள்வி.

செய்யக்கூடியது மாயவித்தை ஒன்றுமில்லை. ஒரு பருவத்தின் ஆறு கச்சேரிகளுள் இரண்டை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு புதிய படைப்பை ஆறு மாத ஒத்திகையோடு குஷாய்குடாவில் உருவாக்கலாம். தொழிற்சாலைப் பணிமுறைக்கு ஏற்ப ஒத்திகை நேரம் அமையட்டும். ஞாயிறு காலையாகவே இருக்கட்டும். டப்புக் கலைஞருக்கும் வயலின் கலைஞருக்கும் ஒரு மணிநேர ஊதியம் ஒன்றாக இருக்கட்டும். பதுகம்மா பாடும் பெண்கள் ‘பங்கேற்பாளர்’ என்ற பட்டியலில் அல்லாமல் இசையமைத்தோர் பட்டியலில், பெயரோடு, உரிமைத் தொகையோடு இடம்பெறட்டும். இயந்திரத் தொழிற்கூடங்களில் உலோகத்தின் ஒலியை ஆயுள் முழுதும் கேட்டுத் தேர்ந்த காதுகள் இப்பகுதியில் ஆயிரக்கணக்கில் உள்ளன. பொருத்தம் சரியில்லாத பேரிங்கை ஒலியாலேயே கண்டுபிடிப்பவருக்குச் சுருதி பேதம் கற்பிக்க நீண்ட காலம் ஆகாது. படைப்பு தோற்கலாம். தோற்றால் ஒத்திகையில் இருந்த அனைவரும் ஏன் தோற்றது என்று பேசும் தகுதி பெற்றிருப்பார்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் உள்ள பங்கு கூச்சம் தரத்தக்கது. விழா முடிந்ததும் களப்பணிக்கு வருபவர்கள் ‘பார்வையாளர் அனுபவம்’ பற்றி வினாநிரல் நீட்டுகிறார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேருக்குப் பிடித்தது என்ற எண்கள் அறிக்கையாகி, அறிக்கை அடுத்த நல்கையாகிறது. அந்த வினாநிரலில் சேர்க்க வேண்டியவை வேறு: மொத்தச் செலவில் ஒத்திகைக்கு ஒதுக்கியது எவ்வளவு, அதில் உள்ளூர்க் கலைஞருக்குப் போனது எவ்வளவு, பாடுபொருளைத் தேர்ந்தது யார், அடுத்த ஆண்டு என்ன நிகழ வேண்டும் என்ற கூட்டத்தில் குஷாய்குடாவிலிருந்து எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள், கூட்டம் முடிந்து அவர்கள் எந்தப் பேருந்தில் வீடு திரும்பினார்கள். கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க எந்த ஆய்வு மாணவருக்கும் வழி உண்டு. இந்தப் பருவத்து அறிவிப்புகள் வெளியாவதற்கு முன்பே அதைத் தொடங்கிவிடலாம்.